என்னைக் காட்டாத ஆப்

இன்று கீழ்பென்னாத்தூர் பஸ்ஸில் எனக்கு முன் சீட்டில் ஒரு குடும்பம். பிளஸ் டூ படிக்கும் மகள் டியூஷனுக்குத்தான் போகிறாளா என்று போனிலேயே பார்க்க அப்பாவுக்கு ஒரு ஆப் வேண்டுமாம். அதைத் தேடும் வேலையையும் அவளிடமே கொடுத்திருந்தார்!

“இது நல்லா இருக்குப்பா. நீங்க எங்க இருக்கீங்கன்னு எங்களுக்கும் காட்டும்.”

“அதெல்லாம் வேணாம். என்னைக் காட்டாத ஆப்பா பாரு.”

மகளை நம்பாத இவரை வீடு நம்ப வேண்டுமாம்.

பரீட்சை ஹாலில் நிறையப் பார்த்திருக்கிறேன். சட்டைப் பையில் பிட் வைத்திருப்பவன்தான், “சார், அவன் காப்பியடிக்கிறான்” என்று முதலில் எழுந்து நிற்பான். அதே முகம்.

ஜன்னலோரம் இருந்த அம்மா திரும்பினார். “அதையே போடுடி. நீ டியூஷன் போறது எனக்குத் தெரியும். உங்கப்பா எங்க போறாருன்னுதான் தெரியல.”

அப்பா மகள் கையிலிருந்த போனைப் பிடுங்கிப் பைக்குள் போட்டுக்கொண்டார்.

உங்கள் வீட்டில் முதலில் போனைப் பிடுங்குபவர் யார்? உண்மையைச் சொல்லுங்கள்.