வாயை மூடிக்கொண்ட மாப்பிள்ளை

இன்று திருவொற்றியூர் பஸ்ஸில் பக்கத்து சீட்டில் ஒரு பெண். தண்ணீரில் மூழ்குகிறவர்களைப் பற்றி ஆராய்ச்சி செய்கிறாளாம்.

"மூழ்கறவங்க பெரும்பாலும் கத்த மாட்டாங்க ஆன்ட்டி. சத்தமே வராது" என்றாள்.

"எனக்குத் தெரியும்மா" என்று, பின்னால் கண்டக்டரிடம் ஓயாமல் பேசிக்கொண்டிருந்த என் வீட்டுக்காரரைக் காட்டினேன்.

எழுபதுகளில் எங்கள் கல்யாணம். நான் நெட்டுக்குப்பத்து மீனவப் பெண், அவர் பெரம்பூர் ரயில்வே ஒர்க்‌ஷாப். பெண் பார்க்க வந்தபோது எங்கள் வீட்டில் சம்பளம் கேட்டார்கள், குடிப்பாரா என்று கேட்டார்கள். நீச்சல் தெரியுமா என்று யாரும் கேட்கவில்லை. எங்கள் குப்பத்தில் அது, நடக்கத் தெரியுமா என்று கேட்பது மாதிரி.

கல்யாணமான கையோடு மாப்பிள்ளையைப் படகில் ஏற்றி முகத்துவாரம் காட்டப் போனோம். பேசிக்கொண்டே எழுந்து நின்றவர், பெல்பாட்டத்தோடு தண்ணீரில் விழுந்தார். அதோடு பேச்சு நின்றுபோனது.

அண்ணன்கள் சிரித்தார்கள். "மாப்ள தம் கட்டிக்கினு கீறாரு, வுடு!"

எனக்கு மட்டும் திக்கென்றது. தாலி கட்டியதிலிருந்து அந்த மனுஷன் வாய் ஓய்ந்து நான் பார்த்ததே இல்லை. புதுப்புடவையோடு குதித்து, முடியைப் பிடித்து இழுத்து வந்தேன்.

"நீச்சல் தெரியாதுன்னு சொல்றதுக்கு இன்னாய்யா?"

இருமிக்கொண்டே சொன்னார்: "யாரும் கேக்கவே இல்லியேமே!"

கதையைக் கேட்டுச் சிரித்ததில் அந்தப் பெண் இறங்க வேண்டிய ஸ்டாப்பைத் தவறவிட்டாள்.

இதை டைப் செய்யும்போது உள்ளே அவர் சத்தமே இல்லை. இருங்கள், ஒரு எட்டு போய்ப் பார்த்துவிட்டு வருகிறேன். அதற்குள் சொல்லுங்கள், உங்கள் வீட்டில் யார் வாயை மூடினால் உங்களுக்குப் பயம்?