சாமுவேல் சாரிடம் சொல்லாமல் விட்ட பதில்

சென்ற செவ்வாய்க்கிழமை, ஓய்வு பெற்ற ஆசிரியர்களுக்கான நம் வாட்ஸப் குழுவில், இரண்டு ‘காலை வணக்கம்’ படங்களுக்கு நடுவில் அந்தச் செய்தி வந்தது. கணக்கு ஆசிரியர் சாமுவேல் காலமானார். முதலில் துக்கம் வந்தது என்று எழுதத்தான் ஆசை. ஆனால் வந்தது எரிச்சல். அவரிடம் ஒரு பதில் சொல்ல வேண்டியிருந்தது.

கிழக்குத் தாம்பரம் பள்ளியில் உங்களில் பலர் அவரோடு வேலை பார்த்தவர்கள். ஓய்வுக்குப் பிறகு தினமும் சேலையூர் ஏரிக்கரையில் அவரோடு நடந்தவன் நான். ஞாயிறு மட்டும் வரமாட்டார்; சர்ச்சில் முதல் ஆராதனை. இயற்பியல் நடத்திய நான், கடவுள் விஷயத்தில் எந்தப் பக்கமும் சாயாமல் எழுபதைத் தாண்டியிருந்தேன்.

போன ஆவணியில் எனக்கு இதயத்தில் அடைப்பு என்று ஆஸ்பத்திரியில் சேர்த்து நீக்கினார்கள். வீடு திரும்பியும் பயம் விடவில்லை. வழக்கம்போல ஒரு தாளை இரண்டாக மடித்து எழுதினேன். கடவுள் இருந்தால், நம்பியவனுக்கு லாபம். இல்லாவிட்டால் பெரிய நஷ்டம் இல்லை. ஆகவே நம்புவதே புத்திசாலித்தனம். சாமுவேல் சார் சந்தோஷப்படுவார் என்று நினைத்து அதைக் காட்டினேன்.

விடைத்தாளைப் படிப்பதுபோலப் படித்தார்.

“ஸ்டெப்ஸ் எல்லாம் கரெக்ட் சார். எந்தச் சாமின்னு போடலையே? முருகரா, எங்க ஆளா?”

“அது அப்புறம் யோசிக்கலாம்னு...”

“இது பக்தி இல்ல சார், இன்சூரன்ஸ். உங்க வீட்டம்மாவயும் இப்படித்தான் லாப நஷ்டம் பாத்து கட்டிக்கிட்டீங்களா?”

நான் தாளை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டேன். அப்போதுதான் போகத் தொடங்கியிருந்த கோயிலையும் நிறுத்திவிட்டேன். கைகூப்பினால் இன்சூரன்ஸ் ஏஜென்ட் முன்னால் நிற்பதுபோல இருந்தது. பயம் மட்டும் போகவில்லை.

நாலு நாள் கழித்து, மின்சார ரயில் பல்லாவரத்தைத் தாண்டும்போதுதான் பதில் தோன்றியது. ஆமாம், அப்படித்தான் கட்டிக்கொண்டேன். ஜாதகத்தில் பத்துக்கு ஏழு பொருத்தம். அவளுடைய அரசு வேலையை என் வீட்டில் பார்த்தார்கள். என் பென்ஷனை அவள் வீட்டில் பார்த்தார்கள். நாற்பத்து நாலு வருடம் கழித்து, என்னை அடைப்பு நீக்க உள்ளே கொண்டுபோனபோது, என் செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு அவள் வெளியே நின்றாள். லாபம் பார்த்துத் தொடங்கியது லாபத்தோடு நின்றுவிடுவதில்லை. இதைத்தான் அவரிடம் சொல்லியிருக்க வேண்டும்.

சொல்லவில்லை. இரண்டு முறை வாயெடுத்தேன். ஒருமுறை அவர் வண்டலூரில் பார்த்த புலியைப் பற்றிப் பேச ஆரம்பித்துவிட்டார். இன்னொரு முறை என் பதிலில் எனக்கே சந்தேகம் வந்துவிட்டது. பிறகு அவர் ஈரல் கெட்டு ஆஸ்பத்திரியில் படுத்தார். நான் போனபோது போதகர் ஜெபித்துக்கொண்டிருந்தார். சாமுவேல் சார் ஒரு கண்ணை மட்டும் திறந்தார்.

“உக்காருங்க சார். பாலிசி எடுக்காதவங்களும் கேக்கலாம்.”

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். இந்த நேரத்தில் விவாதம் எதற்கு என்று பேசாமல் வந்துவிட்டேன். அவரே பேச்சை எடுத்துக் கொடுத்தார் என்பது வீட்டுக்கு வந்த பிறகுதான் உறைத்தது.

அவரிடமிருந்து எனக்கு மிஞ்சியது அந்தக் கேள்வி ஒன்றுதான். என் பதிலுக்கு அவர் மதிப்பெண் போடாமல் போனது ஆற்றாமையாக இருக்கிறது. அவர் எங்காவது இருக்க வேண்டும், நான் போய்ச் சொல்ல வேண்டும். அதற்காகவே இந்த வாரம் மறுபடி கோயிலுக்குப் போகத் தொடங்கியிருக்கிறேன். இதுவும் சுயநலம்தான். இதையும் பக்தி என்று அவர் ஒப்புக்கொள்ள மாட்டார்.