கதவைத் திறக்கச் சொன்னவர்

பெரியப்பா வீட்டுக் கூடத்தில் வேற்றுக்கிரகப் படம் ஓடிக்கொண்டிருந்தது. மூன்று கண்ணுள்ள ஜந்து ஒன்று கொட்டும் மழையில் நின்று ஒரு வீட்டுக் கதவைத் தட்டியது. யாரும் திறக்கவில்லை. பெரியப்பா துண்டால் கண்ணைத் துடைத்துக்கொண்டு டிவியைப் பார்த்துக் கத்தினார்: "கதவத் தெறங்கடா பாவிகளா, அதுவும் ஒரு உயிர்தானடா!"

அப்போது வீட்டு வாசல் கதவும் தட்டப்பட்டது. தினமும் அவருக்கு இன்சுலின் போட வரும் நர்ஸ். வாய்க்காலுக்கு அந்தப்பக்கத் தெருக்காரர். அந்தத் தெரு ஆட்கள் முன்வாசல் வழியாக வரக்கூடாது என்பது இந்த வீட்டில் இன்றும் வழக்கம். மழை வலுத்ததால் அவர் அன்றைக்கு முன்வாசலிலேயே தட்டிவிட்டார்.

பெரியப்பா படத்தை நிறுத்தினார்.

"கொல்லைப்பக்கமா சுத்தி வாம்மா."

நர்ஸ் நனைந்துகொண்டே சுற்றி வந்தார். பெரியப்பா கொல்லைத் தாழ்வாரத்துக்குப் போய்க் கையை நீட்டினார். ஊசி போடும்போது மட்டும் தொட்டால் பரவாயில்லை போலிருக்கிறது. மூன்று கண் ஜந்துவாகத் தன்னை நினைத்துப் பார்க்க முடிந்த மனிதருக்கு ஒரு வாய்க்காலைத் தாண்ட முடியவில்லை.

திரும்பி வந்து சாய்ந்து உட்கார்ந்து ரிமோட்டை அழுத்தினார். ஜந்து மறுபடியும் தட்டியது.

"தெறங்கடா!" என்றார், துண்டால் கண்ணைத் துடைத்தபடி.