மேசை மேல் வைத்த கை

எங்கள் சுற்றுலா வண்டியில் வந்துபோனவர்களுக்கு அவரைத் தெரியும். சொந்தப் பெயர்தான் தெரியாது. நாக்கு என்றே எல்லாரும் கூப்பிடுவோம். அந்தப் பெயரை வைத்தது நான். என் ஐந்து வண்டிகளுக்கும் பெயர் வைத்தவனும் நானேதான். ஒன்றுகூடச் சோடை போகவில்லை.

நான் நாலாவது வரைக்கும் படித்தவன். வண்டி கழுவப் போனேன், பிறகு ஓட்டினேன், பிறகு வாங்கினேன். கட்டடம் காட்டுகிற கம்பெனிகள் தெருவுக்கு நாலு இருந்த காலத்தில், ஓர் ஊரை அதன் அடுப்படி வழியாகக் காட்டலாம் என்று முதலில் யோசித்தவன் அடியேன். காலையில் ஏற்றிக்கொண்டு போவோம். அந்த ஊர்க்காரர்கள் எதைத் தின்கிறார்களோ, அதை அவர்கள் உட்காரும் பெஞ்சிலேயே உட்காரவைத்துத் தின்னவைப்போம். இருட்டுவதற்குள் கொண்டுவந்து இறக்கிவிடுவோம்.

யோசனை என்னுடையது. ஆனால் அதற்கு ஒரு வாய் வேண்டுமே! ஓட்டல் அடுப்படியில் வெந்துகொண்டிருந்த அவரை நான்தான் இழுத்து வந்தேன்.

எங்கள் வண்டிக்கு ஒரு சட்டம் உண்டு. கடைக்குள் போனதும் யாரும் உட்காரக் கூடாது. நாக்கு முதல் வாய் சாப்பிடுவார். சாப்பிட்டுவிட்டு உள்ளங்கையை மேசை மேல் வைத்தால் எல்லாரும் உட்காரலாம். கையைத் துடைத்துக்கொண்டு எழுந்தால் அடுத்த கடை. முந்தின வாரமே தனியாகப் போய் நாலைந்து கடைகளில் வாங்கிப் பார்த்து, இந்தக் கடை என்று முடிவு செய்திருப்பார். ஆனாலும் அன்றைய சமையல் அன்றைக்குத்தானே தெரியும்? துடைத்துக்கொண்டு எழுந்த நாளும் உண்டு. பயணிகளுக்கு அது ஒரு வேடிக்கை. கை எப்போது இறங்கும் என்று கழுத்தை நீட்டிக்கொண்டு நிற்பார்கள்.

அவர் சம்சாரம் எங்கள் வண்டியில் ஒரு தடவைகூட ஏறியதில்லை. முதல் வளைவிலேயே குடலைப் புரட்டிக்கொண்டு வந்துவிடும்.

"முன் சீட்டுத் தர்றேன்யா, ஒரு நாளாவது கூட்டிட்டு வா" என்றேன்.

"அட போங்க மொதலாளி. கல்யாணத்தன்னைக்கே எல்லாரும் கார்ல வந்துட்டாங்க, பொண்ணு மட்டும் நடந்து வந்துச்சு. பொண்ணு ஓடிப்போச்சுன்னு எங்கம்மா ஒப்பாரியே வச்சுட்டாங்க."

அதனால் ஊர்கள் அந்த வீட்டுக்கு டப்பாவில் வந்தன. எந்த ஊருக்குப் போனாலும் அவளுக்கென்று வாங்கிக்கொண்டு வருவார்.

ஒரு வருஷம் அவருக்குப் பொல்லாத காய்ச்சல் வந்தது. எழுந்து வேலைக்கு வந்தார், பழையபடி பேசினார், சிரித்தார். ஆனால் அதற்குப் பிறகு அவர் கையைத் துடைத்துக்கொண்டு எழுந்ததே இல்லை. எப்போதும் மேசை மேல்தான் வைத்தார். யார் கவனிக்காவிட்டாலும் நான் கவனித்தேன். என் கண்ணில் மண் தூவ இன்னும் ஒருத்தன் பிறக்கவில்லை.

ஒரு நாள் புது ஊர் விஷயமாகப் பேச அவர் வீட்டுக்குப் போனேன். சைக்கிள் கடைக்கு மேலே இரண்டு அறை. மேசையில் டப்பாக்கள் திறந்திருந்தன. அவள் ஒவ்வொன்றாக மோந்து, வாயில் வைத்தாள். அவரோ டப்பாவைப் பார்க்கவில்லை, அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"இந்த ஊரு கடல் பக்கமா?" என்றாள்.

"ஆமா."

"அதான். உப்பு போடற கை தாராளமா இருக்கு." அடுத்த டப்பா. "இது கடைச் சமையல் இல்ல, வீட்டுப் பொம்பள செஞ்சது. ஆம்பளைங்க வேலைக்குப் போயிட்டு எப்பவோ வந்து சாப்பிடுவாங்க போல. ஆறினாலும் நல்லா இருக்கற மாதிரி செஞ்சிருக்கா, பாவம்." மூன்றாவதைத் தள்ளி வைத்தாள். "இது வேணாம். எண்ணெய் பழசு."

"அதான் நானும் நெனச்சேன்" என்றார் நாக்கு.

"ஆமாமா, நீங்க நெனச்சுக் கிழிச்சீங்க" என்று சிரித்தவள் சட்டென்று என்னைப் பார்த்தாள். சிரிப்பு நின்றுவிட்டது. "டீ போடறேண்ணே" என்று எழுந்து போனாள்.

அடுத்த வாரம் வண்டியில் நாக்கு மைக்கைப் பிடித்தார். "இந்த ஊர்ல உப்பு போடற கை தாராளம்ங்க. ஆம்பளைங்க கடலுக்குப் போயிட்டு எப்பவோதான் வருவாங்க" என்று ஆரம்பித்தார். பயணிகள் கை தட்டினார்கள். நான் ஒன்றும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் அன்றே இறங்கியிருப்பார். காய்ச்சலில் ருசி செத்துப்போன ஆளுக்கு என் வண்டியில் என்ன வேலை என்று அவருக்குத் தெரியாதா? அந்த வீட்டில் அடுப்பு எரிந்தது அந்த வேலையால்தான்.

போன மழையில், என்னை அண்ணே என்ற அந்தத் தங்கச்சிக்கு நெஞ்சில் சளி கட்டியது. பெரிய டாக்டரிடம் நானே போய்ப் பேசினேன். எனக்கு எங்கேயும் ஆள் உண்டு. ஆள் இருந்தும் ஆகவில்லை.

கடைசியில் ஆஸ்பத்திரிக் கட்டிலுக்கும் டப்பா போனது. அடுத்துப் போகவேண்டிய மலை ஊரிலிருந்து வாங்கி வந்திருந்தார். ஒரு வாய் வைத்தாள். வெகுநேரம் விழுங்கவில்லை.

"ஒண்ணுமே தெரியலீங்க" என்றாள். "உங்க சீக்கு எனக்கும் வந்துடுச்சு."

நான் பக்கத்தில் நிற்பதை அவள் பொருட்படுத்தவில்லை. அவர் தலை குனிந்தபடி டப்பாவை மூடினார்.

அந்த வாரமே போய்விட்டாள்.

மலை ஊருக்கு எல்லாச் சீட்டும் விற்றுப்போயிருந்தது. "நீ இருய்யா, நான் பாத்துக்கறேன்" என்று சொல்லிப் பார்த்தேன். "வீட்ல இருந்து என்ன பண்ணச் சொல்றீங்க?" என்று வந்து ஏறிக்கொண்டார். வளைவு ஆரம்பித்ததும் மைக்கை எடுத்தார். "இது மலை ஊரு" என்றார். அவ்வளவுதான். மைக்கைத் திரும்ப மாட்டிவிட்டார்.

கடையில் ஜன்னல் கண்ணாடியெல்லாம் ஆவி படிந்திருந்தது. கடைக்காரி ஒரு கிண்ணம் கொண்டுவந்து வைத்தாள். நாக்கு முதல் வாய் சாப்பிட்டார். கை மேசைக்கு மேலே வந்தது. அங்கேயே நின்றது. இறங்கவில்லை, துடைக்கவும் இல்லை. இதுவரைக்கும் அந்தக் கையை இறக்கியது யார் என்று அந்த அறையில் எங்கள் இரண்டு பேருக்கு மட்டும்தான் தெரியும்.

"என்ன சார், இன்னைக்குப் பரீட்சை கஷ்டமா?" என்றார் ஒருவர். கூட்டம் சிரித்தது.

நான் போய் அவர் ஸ்பூனை வாங்கி ஒரு வாய் விழுங்கினேன். என் கையை மேசை மேல் வைத்தேன். எல்லாரும் தடதடவென்று உட்கார்ந்தார்கள்.

"நல்லா இருக்கா மொதலாளி?" என்று மெதுவாகக் கேட்டார்.

"நல்லா இருக்குய்யா."

"எப்படி நல்லா இருக்கு?"

எதற்கும் பதில் வைத்திருக்கிறவன் நான். ஆனால் நின்றபடியே அள்ளிப்போட்டுக்கொண்டு ஓடி வளர்ந்த வாய் இது. "சூடா இருக்கு" என்றேன்.

"சூடு எனக்கே தெரியுது" என்றார்.

கிளம்பும்போது பையிலிருந்து டப்பாவை எடுத்துக் கடைக்காரியிடம் நீட்டினார். யாருக்கு என்று நான் கேட்கவில்லை. மலை இறங்கும்வரை அதை மடியில் சாயாமல் பிடித்துக்கொண்டு வந்தார். யார் வீட்டு வாசலிலும் வண்டி நிற்காது என்பது என் இன்னொரு சட்டம். அன்று சைக்கிள் கடை வாசலில் நிறுத்தச் சொன்னேன். டப்பாவோடு படியேறிப் போனார்.

அதற்குப் பிறகு அவர் வரவில்லை. நானும் கூப்பிடவில்லை.

இப்போது வேறொருத்தன் வருகிறான். நல்ல நாக்குதான். சரியாகக் கையை வைக்கிறான், சரியாகத் துடைக்கிறான். மைக்கில் சொல்லத்தான் அவனிடம் ஒன்றும் இல்லை. பாட்டுப் போட்டுவிடுகிறோம்.