பழுதுக்குக் காத்திருந்தவர்

நகரத்துக்குத் தண்ணீர் அனுப்பும் நீரேற்று நிலையத்தில், பம்ப் எப்போது பழுதாகும் என்று முன்கூட்டியே சொல்வதற்கு ஓர் உத்தியோகம் உண்டு. அந்த உத்தியோகஸ்தரை எல்லோரும் ஜோசியர் என்றார்கள். அவர் பார்த்தது கைரேகை அல்ல, அதிர்வு. பம்பின் சுழலும் தண்டைத் தாங்கும் பேரிங் தேயத் தேய அதிர்வு கூடும். தினமும் அதை அளந்து, கணினியில் புள்ளி வைத்து, புள்ளிகள் போகிற போக்கில் ஒரு கோட்டை நீட்டுவார். அதிர்வு தாண்டக்கூடாத அளவைக் காட்டும் சிவப்புக் கோட்டை அது தொடும் நாள்தான் ஆபத்து நாள். அதற்கு முன்பே பேரிங்கை மாற்றிவிடுவார்கள். ஆகவே அவர் சொன்ன பழுது ஒன்றுகூட நடந்ததில்லை. நடக்காததால் பலித்தது என்றே கணக்கு. இத்தனை பாதுகாப்பான தொழில் வேறெந்த ஜோசியருக்கும் வாய்க்கவில்லை.

பேரிங் மாற்ற வருபவர், ஒரு பகல் ரயில் பயணத் தொலைவிலுள்ள தலைமைப் பட்டறையின் ஃபிட்டரம்மா. ஜோசியரின் மனைவி. இருவரும் இடமாற்றம் கேட்டு மனுப் போட்டிருந்தார்கள். மனுக்கள் மட்டும் மேசைக்கு மேசை மாறிக்கொண்டிருந்தன. லீவு என்பது இரண்டு அலுவலகங்களிலும் கெட்ட வார்த்தை.

எனவே ஜோசியர், சுரம் இருக்கிறதா என்று குழந்தையின் நெற்றியைத் தொடுவதுபோல இரண்டாம் நம்பர் பம்பைத் தொட்டுப் பார்த்து, இல்லையே என்று ஏங்கினார்.

"எப்படி இருக்கு ஜோசியரே?" என்பார் ஆபரேட்டர்.

"கல்லு மாதிரி இருக்கு, சனியன்."

வீட்டில் அலமாரியின் பாதி காலியாகவே இருந்தது. அந்தப் பக்கம் அவர் ஒரு கைக்குட்டைகூட வைப்பதில்லை. தொலைபேசியில் மனைவி கேட்பார்: "அங்க எல்லாம் எப்படி?"

"எல்லாம் நல்லா ஓடுது."

"அத ஏங்க இழவு சேதி மாதிரி சொல்றீங்க?"

ஒருநாள் அவர் சிவப்புக் கோட்டைக் கொஞ்சம், மிகக் கொஞ்சம், கீழே இறக்கினார். புள்ளிகளில் கை வைக்கவில்லை. மனசாட்சி என்று ஒன்று இருக்கிறதல்லவா. கணினி உடனே அவசரம் என்று அலறியது.

ஃபிட்டரம்மா வந்தார். மூடியைத் திறந்து, கிரீஸைத் துடைத்து, டார்ச் அடித்தார். பேரிங் கண்ணாடிபோல மின்னியது.

"ஜோசியர் சார்," என்றார். ஆட்கள் முன்னால் அப்படித்தான் கூப்பிடுவார். "இது இன்னும் ரொம்ப நாள் உழைக்கும்."

"உழைக்கும்."

ஆபரேட்டர் டீ குடிக்கப் போகும்வரை பொறுத்திருந்து, ஃபிட்டரம்மா குரலைத் தாழ்த்தினார். "ஏங்க, பாக்கணும்போல இருந்தா என்கிட்ட சொல்லணும். பாவம், வாயில்லாதது மேல பழி போடாதீங்க."

"சொன்னா வந்துருப்பியா?"

ஃபிட்டரம்மா ஸ்பானரை எடுத்தார். மோட்டாரும் பம்பும் நேராக இருக்கின்றனவா என்று பார்த்து, மயிரிழை விலகலையும் சரிசெய்து, புது கிரீஸ் அடைத்தார். சட்டென முடிகிற வேலை சாயங்காலம்வரை நீண்டது. ஜோசியர் டார்ச் பிடித்தார். பெரும்பாலும் தவறான இடத்தில்.

"பம்ப் இந்தப் பக்கம் இருக்கு," என்றார் மனைவி, நிமிராமலே.

வண்டி ஏறும்போது ஒன்றுதான் சொன்னார். "அந்தக் கோட்ட ஏத்திடுங்க."

ஜோசியர் ஏற்றினார். மறுநாள் அளந்தார். பம்ப் பிறந்ததிலிருந்து இவ்வளவு சாந்தமாக ஓடியதில்லை. புள்ளி தரையோடு ஒட்டிக் கிடந்தது. கோட்டை நீட்டினார், சிவப்பைத் தொடும் நாளைக் காட்டக் கணினித் திரையில் இடம் போதவில்லை.

"எப்படி ஓடுது?" என்றார் மனைவி, தொலைபேசியில்.

"நீ இவ்வளவு நல்லா வேல பாத்திருக்க வேண்டாம்."

மறுமுனையில் மனைவி பட்டறைச் சத்தத்தை விட்டு வெளியே வந்தார்.

"கடைசி போல்ட்ட முடுக்குறப்பவே நானும் அதத்தான் நெனச்சேங்க," என்றார்.