சித்தியின் பல் செட்டுக் கவிஞர்

சித்திக்குப் பல் செட்டு செய்யும் கூடத்தில் வேலை. மெழுகை உருக்கி, பொய்ப் பற்களை ஒவ்வொன்றாகப் பதித்து, மழமழவென்று ராவித் தருவாள். ராவும் இயந்திரத்தின் இரைச்சல் தாங்காமல் காதில் எப்போதும் ஹெட்போன். போன மாதம் பாட்டுத் தேடப்போனவள், அமெரிக்கக் கவிஞர்கள் தங்கள் கவிதைகளைத் தாங்களே வாசித்த ஒலிப்பதிவுகள் குவிந்துகிடக்கும் ஓர் இணையதளத்தில் போய் விழுந்தாள். அதிலிருந்து அவளுக்குக் கால் தரையில் பாவவில்லை.

இங்கிலீஷ் அரைகுறைதான். ஆனாலும் அந்தக் குரல்கள் அவளைச் சொக்க வைத்தன. பெயர்களை அவள் படிப்பதே இல்லை; குரலில் கேட்கும் பல்லை வைத்துத்தான் ஆளை அடையாளம் வைப்பாள், தொழில் புத்தி. ஒருவர் ‘கீழ்வரிசை ஆட்டம்’, ஓர் அம்மாள் ‘முன்பல் சந்து’. எல்லாரையும்விட உசத்தி ‘மேல் செட்டு தளர்வு’. அவர் வாசிக்கும்போது நடுவில் கூட்டம் கொல்லென்று சிரிக்கும். எதற்கென்று தெரியாமலே சித்தியும் சிரிப்பாள். நான் ஊருக்கு வந்ததும் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும் என்று காத்திருந்தாள். அதற்குள் அவள் போன் மெழுகுச் சட்டியில் குளித்துவிட்டது.

புதுப் போனில் தளம் கிடைத்தது, ஆள் கிடைக்கவில்லை. பெயர் என்ன என்றேன். தளர்வு என்றாள்.

சித்தப்பா செய்தித்தாளை இறக்காமலே, “பேர் தெரியாத ஆளோட ஒரு மாசமா சிரிப்பு வேற,” என்றார்.

வரிசையாக ஒவ்வொருவரையும் ஓடவிட்டோம். இருமினார்கள், தாளைப் புரட்டினார்கள், ஒருவர் பாடியே விட்டார். சித்தி உதட்டைப் பிதுக்கினாள். “சொந்தப் பல்லு. தள்ளு.” கொஞ்ச நேரத்தில் சித்தப்பாவும் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு, இவருக்குக் கடைவாயில் இரண்டு இல்லை என்று தீர்ப்புச் சொல்லத் தொடங்கினார்.

பிறகு ஒருவர் வாசிக்குமுன் தண்ணீர் குடித்தார். டம்ளர் பல்லில் பட்டு ‘டிக்’ என்றது. சித்தி என் தோளைப் பிடித்து உலுக்கிய உலுக்கில் போன் கீழே விழப் பார்த்தது. அவரேதான்.

பனியில் நின்றுபோன ஒரு பஸ்ஸைப் பற்றிய கவிதை. சிரிக்க அதில் ஒன்றுமே இல்லை. சிரிப்பு வரும் இடத்தைத் திரும்ப ஓட்டிக் கேட்டேன். கவிஞர் பாதியில் நிறுத்திவிட்டுச் சொல்வதை அப்படியே தமிழில் சித்திக்குச் சொன்னேன்: “இந்தப் பக்கத்தை ரெண்டு தடவை வாசிச்சுட்டேன். உங்கள்ல ஒருத்தர்கூடச் சொல்லலையே?”

தினமும் கேட்டவள் சித்தி. திருதிருவென்று என்னைப் பார்த்தாள்.

“நானும் கவனிக்கலையேடி.”

அவ்வளவுதான். சோபாவில் சரிந்து, வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். சித்தப்பாவுக்கும் தொற்றிக்கொண்டது. மூச்சு வந்ததும் கண்ணைத் துடைத்துக்கொண்டு போனை என் பக்கம் தள்ளினாள்.

“மறுபடி போடு. இந்தத் தடவை நான் அவருக்குச் சொல்லிடறேன்.”