நான் போட்ட டீம்

எங்க ஊர்ல புட்பாலைப் பத்திப் பேசணும்னா என் டீக்கடைக்குத்தான் வரணும். பெருமைக்குச் சொல்லலை, கடை இருக்கற இடம் அப்படி. ஸ்கூல் கிரவுண்டுக் காம்பவுண்டுச் சுவரு ஒரு இடத்துல இடிஞ்சு கெடக்குது. அதை ஒட்டித்தான் என் பாய்லர். நான் நிக்கற இடத்துக்கும் கெழக்குக் கோல்போஸ்ட்டுக்கும் நடுவுல பத்தடி மண்ணுதான். இருபது வருசமா வடை போட்டுக்கிட்டே ஆட்டம் பார்க்கறேன். ஆட்டம் பார்த்ததுல எத்தனை ஈடு வடை கருகிப் போச்சுன்னு எங்க ஊட்டுக்காரரைக் கேட்டா உக்கார வெச்சுச் சொல்லுவார். அவர் லாரியில லைனுக்குப் போறவர். மாசத்துல பத்து நாள்தான் ஊட்ல இருப்பார், அந்தப் பத்து நாளும் இதே பேச்சுத்தான்.

பொம்பளைக்கு எதுக்கு புட்பால்னு ஆரம்பத்துல கேட்டவங்க உண்டு. அப்படிக் கேட்டதுல பாதிப் பேருக்குக் கார்னருன்னா என்ன, த்ரோன்னா என்னன்னு நாந்தான் சொல்லிக் குடுத்தேன். இப்ப அவங்களே எனக்குப் பாடம் எடுக்க வாராங்க. கெரகம், கேட்டுக்கறேன்.

வருசம் ஒருக்கா மாரியம்மன் நோம்பிக்கு எங்க கிரவுண்டுல ஏழு பேர் ஆட்டம் நடக்கும். சுத்துப்பட்டு டீமெல்லாம் வரும். ஏழு பேர்ல ஒருத்தன் கோல்கீப்பர். அவனுக்கு முன்னால தடுக்கறதுக்கு ரெண்டே பேரு. அவங்களை நாங்க பேக்குன்னு சொல்லுவோம். எங்க கிளப்போட அந்த ரெண்டு பேக்கைப் பத்தித்தான் இத்தனை சண்டையும்.

ஒருத்தன் எந்தம்பி, கூடப் பொறந்தவன். லாரி பாடி கட்டற பட்டறையில பெயிண்டர். நல்ல ஒசரம், நல்ல நெஞ்சு. அவன் ஒரு உதை உதைச்சான்னா பந்து கிரவுண்டைத் தாண்டித் தீவன மில் கேட்டுல போய் விழும். சறுக்கிக்கிட்டுப் போய்ப் பந்தைத் தட்டுவான், புழுதி கெளம்பும், ஊரே விசிலடிக்கும். இன்னொருத்தன் முட்டை லாரியில லோடுமேன். குட்டையா இருப்பான். சறுக்க மாட்டான், கத்த மாட்டான். ஆட்டம் முடிஞ்சு பார்த்தா சட்டையில அழுக்கே இருக்காது.

ரெண்டு வருசத்துக்கு முன்னாடி நாங்க பைனலுக்கு வந்துட்டோம். ஒவ்வொரு டீமும் வெளியூர் ஆட்டக்காரன் ஒருத்தனை எறக்கிக்கலாம்னு நோம்பிக் கமிட்டியில ஒரு விதி. பட்டறைக்காரர், அதாவது எந்தம்பி வேலை பார்க்கற பட்டறையோட மொதலாளி, பாலக்காட்டுப் பக்கத்துலருந்து ஒரு ஆளைப் பேசிக் கூட்டிட்டு வந்துட்டார். வந்தவனும் பேக்கு. அப்ப நம்ம ரெண்டு பேர்ல ஒருத்தன் வெளிய உக்காரணும்.

எங்க கிளப்புல வாத்தியார் மட்டும் டீம் போட்டுட முடியாது. டிரில் வாத்தியார் பேருக்குத்தான் கோச்சு. கை தட்டறதும் திட்டறதும் நாங்கதானே, அதனால ஏழு பேரு யாருன்னு என் பெஞ்சுலதான் முடிவாகும். வெள்ளிக்கிழமை காலையில வாத்தியார், பட்டறைக்காரர், ரிட்டயர்டு கண்டக்டர் மாமா ஒருத்தர், இன்னும் பத்துப் பதினஞ்சு பேரு கூடிட்டாங்க. எந்தம்பியும் லோடுமேனும் அவங்கவங்க சோலியில இருந்தாங்க.

கண்டக்டர் மாமாதான் ஆரம்பிச்சார். "இதுல பேசறதுக்கு என்ன இருக்குது? தம்பியோட உதை என்ன, ஹெட் என்ன! அந்த லோடுமேன் கிரவுண்டுல இருக்கறானா இல்லையான்னே தெரியறதில்லை."

"போன ஆட்டத்துல அவன் பக்கம் பந்தே வரலியே, பார்த்தீங்களா?"ன்னு ஒருத்தர் சிரிச்சார்.

எனக்குச் சுருக்குன்னுச்சு. பந்து ஏன் வரலைன்னு ஒருத்தராவது யோசிச்சாங்களா? எதிரி அந்தப் பக்கம் ஆளைத் தேடித் தேடிப் பார்ப்பான், அவனோட ஆள் ஒட்டுலயே இவன் நிப்பான், பந்தைக் குடுக்க வழியில்லாம வேற பக்கம் திருப்பிருவான். அது தடுக்கறது இல்லையா?

அஞ்சு நிமிசத்துல பேசி முடிச்சுட்டாங்க. லோடுமேன் வெளிய. இன்னொண்ணையும் சொல்லிடறேன். பட்டறைக்காரர் எங்களுக்கு ஒறம்பரை, சொந்தக்காரர். லோடுமேன் காலனியிலருந்து வாரவன். அதை யாரும் வாய்விட்டுச் சொல்லலை. சொல்லாமயே முடிவாகற சங்கதி எங்க ஊர்ல ஏகத்துக்கும் இருக்குது.

"அம்மிணி, உன்ற தம்பிதான் ஆடறான். எல்லாத்துக்கும் ஸ்ட்ராங்கா ஒரு டீயைப் போடு"ன்னார் மாமா. எனக்கு என்னமோ சீதனம் குடுத்த மாதிரி அத்தனை பேரும் என் மூஞ்சியைப் பார்த்தாங்க.

நான் டீ போடலை. "எந்தம்பியைத் தூக்குங்க. லோடுமேன் ஆடட்டும்"னேன்.

மாமாதான் மெதுவாக் கேட்டார். "ஏம் அம்மிணி, காட்டுப் பங்குல ஏதாச்சும் மனத்தாங்கலா?"

எனக்கு வந்துச்சே கோவம்! அப்பன் விட்டுட்டுப் போனது ரெண்டு ஏக்கரா மானாவாரி. அதுல கடலை போட்டா மயில் திங்குது. அதுக்கா நான் கூடப் பொறந்தவனைக் கவுத்துவேன்? பொம்பளை ஒரு நாயம் சொன்னா அதுக்குப் பின்னாடி காடு இருக்கணும், நகை இருக்கணும், நாத்தனார் இருக்கணும். புட்பால் இருக்கக் கூடாதா?

"மாமா, நீங்கெல்லாம் புளியமரத்து நெழல்ல பக்கவாட்டுல நின்னு பார்க்கறீங்க. உங்களுக்குப் பந்து தெரியும். நான் கோலுக்குப் பின்னாடி நிக்கறேன், எனக்கு மண்டை தெரியும். லோடுமேன் பத்து எண்றதுக்குள்ள ரெண்டு தடவை திரும்பித் தன்னோட ஆள் எங்கேன்னு பார்க்கறான். எந்தம்பி திரும்பறதே இல்லை. பந்தையே பராக்குப் பார்த்துட்டு நிப்பான். செமிபைனல்ல வாங்குனமே ஒரு கோலு, அவன் முதுகுக்குப் பின்னாடிதானே ஆளு பூந்தான்? பந்து வலைக்குள்ள போனதுக்கு அப்பறம் இவன் சறுக்கினான். அதுக்கும் நீங்க விசிலடிச்சீங்க. நீங்கெல்லாம் ஆட்டம் பார்க்கற லட்சணம் அது."

"கூடப் பொறந்தவனையே இப்படிப் பேசறியே"ன்னார் பட்டறைக்காரர்.

"கூடப் பொறந்ததுனாலதாங்க பேசறேன். அடுத்தவன்னா எனக்கெதுக்கு வம்புன்னு சும்மா இருந்திருப்பேன்."

வாத்தியார் அதுவரைக்கும் டம்ளரையே உருட்டிட்டு இருந்தார். "அக்கா சொல்றது சரிதாங்க. எனக்கும் அதேதான் தோணுச்சு"ன்னு இழுத்தார். தோணினதை மொதல்லயே சொல்றதுக்கு என்ன? ஒரு பொம்பளை சொன்ன பொறகுதான் அவருக்கு வாய் வந்துச்சு. எப்படியோ லோடுமேன் பேரை எழுதினார்.

அன்னைக்குச் சாயங்காலம் எந்தம்பி வந்தான். வண்டியை ஸ்டேண்டு கூடப் போடலை.

"வேற எவன் சொல்லியிருந்தாலும் விட்டிருப்பேன்க்கா. நீ சொன்னியா?"

"நாந்தான்டா சொன்னேன்."

"எனக்கு முப்பத்தஞ்சு வயசாச்சு. இன்னொரு பைனல் ஆடுவனா நானு?"

வண்டியைத் திருப்பினான். "இனி உன்ற கடைப் பக்கம் வந்தா என்னன்னு கேளு"ன்னுட்டு போயிட்டான். அவனுக்கு மூணு வயசுல எங்கம்மா போயிருச்சு. நான் இடுப்புல வெச்சு வளத்த பையன் அவன். அன்னைக்கு ராத்திரி ஊட்டுக்குப் போய் அழுதேன். அழுதேங்கறதுக்காகச் சொன்னதை மாத்திக்கலை.

ஞாயித்துக்கிழமை பைனல். மாத்தாளுங்க உக்கார்றதுக்கு என் கடை பெஞ்சைத்தான் காம்பவுண்டு ஓரமாத் தூக்கிப் போடுவாங்க. என் கடைப் பக்கமே வரமாட்டேன்னு போனவன் என் பெஞ்சுலயே உக்காந்திருந்தான். ஜெர்சி போட்டிருந்தான், டிராக் பேண்டு போட்டிருந்தான். காலை மடக்கிப் பெஞ்சுக்கு அடியில வெச்சிருந்தான். என் பக்கம் திரும்பவே இல்லை. வந்துட்டானேன்னு எனக்கு உள்ளுக்குள்ள சந்தோசம்.

லோடுமேன் அன்னைக்கு ஆடின ஆட்டத்தை எப்படிச் சொல்றது! எதிர் டீம்ல ஒருத்தன் இருந்தான், அந்த நோம்பியில மட்டும் ஆறு கோல் போட்டவன். அவனைப் பந்தைத் தொட விடலையே! ஒரு பவுல் இல்லை, ஒரு கத்தல் இல்லை. அவன் எங்க போனாலும் இவன் அரை அடி முன்னாடியே நின்னான். கடைசிப் பத்து நிமிசம் வரைக்கும் கோலே இல்லை. அப்பத்தான் லோடுமேன் குதிச்சு எறங்கறப்போ கால் பெரண்டுருச்சு.

வாத்தியார் ஓடி வந்தார். மாத்தாள்னு மீதி இருந்தது எந்தம்பி ஒருத்தன்தான். "எந்திரிடா, உள்ள போ"ன்னார். எந்தம்பி எந்திரிக்கலை. வாத்தியார் குனிஞ்சு பார்த்தார், நானும் பார்த்தேன். ரப்பர் செருப்பு.

"பூட்ஸ் எங்கடா?"

"ஊட்ல."

ஒரே வார்த்தைதான் சொன்னான். மறந்துட்டு வரலை, வேணும்னே விட்டுட்டு வந்திருக்கறான். என் கையில கொதிக்கற பால் இருந்துச்சு. அதை அவன் மேல ஊத்தாம இருந்ததுக்கு அந்த மாரியாத்தாதான் சாட்சி. அதுக்குள்ள லோடுமேன் நொண்டிக்கிட்டே லைனு வரைக்கும் வந்துட்டான். அவனும் அந்தச் செருப்பைப் பார்த்தான். "பரவால்லீங்க சார், நானே நிக்கறேன்"னுட்டு திரும்பி உள்ள போயிட்டான்.

அஞ்சு நிமிசங் கழிச்சுக் கோல் விழுந்துச்சு. லோடுமேன் பக்கம் இல்லை. அந்த வெளியூர்க்காரன் பக்கம் ஒரு ஒசரமான பந்து, அவன் குதிச்சான், எட்டலை. அந்த ஒரு பந்தை எந்தம்பி தலையால தள்ளியிருப்பான், அதையும் நானே ஒத்துக்கறேன். ஆனா புளியமரத்து நெழல்ல நின்னவங்களுக்குத் தெரிஞ்சதெல்லாம் ஒரு நொண்டறவன்தான். கப்பு போச்சு.

மறுநாள் காலையில கடையில ஒரே ரகளை. "கால் பெரண்டவனை எதுக்கு வெச்சுட்டு இருந்தீங்க? பெஞ்சுல ஆள் சும்மா உக்காந்திருந்தானே, ஏன் எறக்கலை?"ன்னு வாத்தியாரை மடக்கிட்டாங்க. அவர் வாயைத் தெறந்தார். நான் முந்திக்கிட்டேன்.

"எந்தம்பியை எறக்க வேண்டாம்னு நாந்தான் கண்ணைக் காட்டினேன்."

பச்சைப் பொய். வாத்தியார் என்னைப் பார்த்தார், அப்பறம் கீழ குனிஞ்சுக்கிட்டார். கப்பைத் தொலைச்சவ, தம்பியைக் கெடுத்தவன்னு என்னை ஊரே திட்டித் தீர்த்துச்சு. திட்டட்டும்னு இருந்தேன். செருப்புப் போட்டுட்டு வந்து டீமைக் கவுத்தவன்னு எந்தம்பியை நாலு பேரு காறித் துப்பறதைப் பார்க்க எனக்குத் தெம்பில்லை. ஒரு வாரத்துல அவனே கடைக்கு வந்தான். ஒண்ணும் சொல்லாம டீ குடிச்சான். சரி, வந்துட்டான்னு நானும் விட்டுட்டேன்.

நான் சொன்ன பொய்யி என் தலையோட நிக்கலை. என்னைத் திட்டி அலுத்துப் போச்சு அவங்களுக்கு, அப்பறம் லோடுமேனைப் பிடிச்சுக்கிட்டாங்க. கால் போனா வெளிய வர வேண்டியதுதானே, என்ன வீம்புன்னாங்க. போன வருசம் அவனை டீம்லயே சேர்க்கலை. பதினெட்டு வயசுலருந்து எங்களுக்கு ஆடினவன். அவன் வந்து ஒரு நாயம் கேட்கலை. நானும் வாயைத் தெறக்கலை. ஊரே எதிர்த்து நின்னப்போ வந்த வாயி அப்ப எங்க போச்சுன்னு எனக்கே கேவலமா இருக்குது.

போன வாரம் மறுபடியும் நோம்பிக்கு டீம் போட உக்காந்தாங்க. எந்தம்பியும் இருந்தான். லோடுக்கு நின்ன ஆளுங்களுக்கு டீ வாங்கிட்டுப் போறதுக்கு லோடுமேனும் தூக்குப்போசியோட வந்து நின்னுட்டு இருந்தான். அவன் நிக்கறது தெரிஞ்சேதான் மாமா சொன்னார். "பேக்குக்கு வேற ஆளைப் பாருங்க. வெளிய வரமாட்டேன்னு வீம்புக்கு நின்னு கப்பைக் கோட்டை விட்டவனெல்லாம் நமக்கு வேண்டாம்."

லோடுமேன் தரையைப் பார்த்தான். அதைக் கூடப் பொறுத்திருப்பேன். எந்தம்பி, ஆமாங்கற மாதிரி தலையை ஆட்டினான்.

கையில இருந்த டம்ளரை நங்குன்னு வெச்சேன்.

"மாமா, நான் ரெண்டு வருசமா உங்ககிட்டப் பொய் சொல்லிட்டு இருக்கறேன். நான் கண்ணும் காட்டலை, மூக்கும் காட்டலை. லோடுமேன் வெளியதான் வந்தான். உள்ள போறதுக்கு இருந்த ஒரே ஆளு பூட்ஸை ஊட்ல வெச்சுட்டு ரப்பர் செருப்போட உக்காந்திருந்தான். அதைப் பார்த்துட்டுத்தான் இவன் ஒத்தைக் கால்ல திரும்பிப் போனான். பார்த்தது வாத்தியாரு, நானு, இவன். மூணு பேரும் மூடிட்டு இருந்தோம். இவன் பெருந்தன்மையில இருந்தான், நான் பாசத்துல இருந்தேன். வாத்தியார் எதுக்கு இருந்தார்னு அவரையே கேளுங்க."

"நெசந்தாங்க"ன்னார் வாத்தியார்.

எந்தம்பி மூஞ்சி கறுத்துப் போச்சு. "விடுங்கக்கா"ன்னான் லோடுமேன்.

"நீ சும்மா இரு சாமி. உனக்காகப் பேசலை, டீம் போட்டுட்டு இருக்கறேன். எழுதுங்க வாத்தியாரே, பேக்கு இவன். பிடிக்காதவங்க வேற டீக்கடை பார்த்துக்குங்க."

எந்தம்பி எந்திரிச்சு வண்டிச் சாவியைத் தேடினான். போறவனை நான் தடுக்கலை. சத்தமா, எல்லாருக்கும் கேட்கற மாதிரித்தான் சொன்னேன்.

"ஞாயித்துக்கிழமை ஆட்டத்துக்குப் பூட்ஸைக் கட்டிட்டு வா கண்ணு. வெளியதான் உக்காரப் போறே."